ஆகஸ்ட் 15-உடன் பாடம் முடிவதில்லை
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுதந்திரப் பாடம் நடத்தும்போது கொடியேற்றத்தோடு நிறுத்திவிட எனக்கு மனம் வருவதில்லை. 1946 டிசம்பர் 9 அன்று கூடிய, நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்கும் அவர்களை அழைத்துப் போகிறேன். அங்கே 15 பெண்கள் இருந்தார்கள் என்றதும் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்! அவர்களில் ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன். அரசியலமைப்பில் தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவைச் சொல்லும் ஆசிரியர் அவர் பெயரையும் சொல்லியாக வேண்டும். பிரிவினையின் ரத்தத்தையும் நான் மறைப்பதில்லை. பத்து வயது தாங்கும் அளவுக்குச் சொல்கிறேன்.

இன்று ஒரு மாணவன் கேட்டான்: "எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி சார் ஓட்டுப் போட்டார்கள்?" அருமையான கேள்வி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலான 1951-52 தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் சின்னம் என்று விளக்கினேன். அடுத்த வாரம் வகுப்பில் அதே முறையில் தேர்தல் நடத்துகிறோம். காலி செருப்புப் பெட்டிகள் இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.