டெர்மினலில் சாகுபடி நாட்குறிப்பு: தேதியும் குறிச்சொல்லும் படுத்திய பாடு

மன்னார்குடிப் பக்கம் உள்ள எங்கள் நிலத்தின் தண்ணீர் வரத்தையும் கூலிச் செலவையும் அன்றன்றே குறித்து வைப்பதற்காக, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் திரையில்) இயங்கும் ஜே.ஆர்.என்.எல். (jrnl) என்ற நாட்குறிப்பு நிரலைத் தேர்ந்தெடுத்தேன். எழுதுவது அனைத்தும் சாதாரண உரைக்கோப்பாகவே சேமிக்கப்படும் என்பதால், நாளை இந்த நிரலே இல்லாமல் போனாலும் கணக்கு நம் கையில் இருக்கும். உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், பைத்தான் மொழி நிரல்களை நிறுவும் பிப் (pip) கட்டளையால் மட்டும் நிறுவ முயன்றால் மறுத்துவிடும். ஒவ்வொரு நிரலையும் தனிச் சூழலில் நிறுவும் பிப்எக்ஸ் (pipx) வழியாகச் செய்தால் வேலை முடிந்துவிடும்.

தொல்லை கொடுத்தது தேதிதான். 2025 ஜூன் 12 அன்று மேட்டூர் அணையும் 15 அன்று கல்லணையும் திறக்கப்பட்டதை, நம் வழக்கப்படி 12/06/2025, 15/06/2025 என்று பதிவின் தொடக்கத்தில் தேதியிட்டுப் பதிந்தேன். கல்லணைப் பதிவு உரிய நாளில் சேர்ந்தது. மேட்டூர்ப் பதிவோ டிசம்பர் 6-க்குப் போய்விட்டது. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில்தான் நிரல் தேதியைப் படிக்கிறது. பதினைந்தாம் மாதம் என ஒன்று இல்லாததால் மட்டுமே இரண்டாவது தேதி தப்பியது. எந்த எச்சரிக்கையும் வராது. பதிவுகள் தேதி வரிசையில் அடுக்கப்படுவதால், நாற்றங்கால், உழவு என்று அடுத்தடுத்து எதை எழுதினாலும் அணை திறந்த செய்தியே பட்டியலின் கடைசியில் நின்றது. ஆகவே 2025-06-12 என ஆண்டை முதலில் வைத்தே எழுதுங்கள். தமிழில் ‘நேற்று:’ என்று தொடங்கினால் அது தேதியாகக் கொள்ளப்படாமல், பதிவு இன்றைய கணக்கில் சேர்ந்துவிடும்.

அடுத்த இடர், பதிவுகளை வகை பிரித்துத் தேட @ இட்டு எழுதும் குறிச்சொல். @குறுவை, @கூலி என்று எழுதிவிட்டுக் குறிச்சொல் பட்டியலைக் கேட்டால், @க என்ற ஒன்று மட்டுமே வந்தது. @சம்பா என்பது @சம ஆகியிருந்தது. இந்த நிரல் எழுதப்பட்ட பைத்தான் மொழியின் சொல் விதி தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதாததால், முதல் குறி வந்த இடத்திலேயே சொல் வெட்டுப்படுகிறது. தமிழ் பேசும் எவருக்கும் இது வருத்தம் தரும் குறைதான். குறிச்சொற்களை மட்டும் ஆங்கில எழுத்துகளில் மாற்றிய பிறகு, நடவுக்கும் களையெடுப்புக்கும் கொடுத்த கூலி மட்டும் தனியே திரையில் வரிசையாக வந்து நின்றபோது, பட்ட பாடெல்லாம் தகும் என்று தோன்றியது.

டெர்மினலில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தெரிந்தால் கலங்க வேண்டாம். அதே கோப்பை உரைத்திருத்தியில் திறந்தால் எழுத்துகள் ஒழுங்காகவே இருக்கும். கட்டளை வரியிலேயே எழுதும் பதிவு ஷெல்லின் (கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரலின்) வரலாற்றுக் கோப்பிலும் தங்கிவிடுவதால், பொதுக் கணினியில் கவனம் தேவை. முதன்முறை இயக்கும்போது, கோப்பைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டவா என்று நிரல் கேட்கும். கடவுச்சொல் மறந்துபோனால் மீட்க வழியே இல்லை என்பதால், வீட்டில் மற்றவர்களும் பார்க்க வேண்டிய கணக்கு இது என்று கருதி, வேண்டாம் என்றே விடையளித்தேன்.