முதலில் உடம்பைக் கேட்கிறேன்

மருத்துவ உளவியலில் எம்.ஃபில் முடித்ததும் நான் வேலைக்குச் சேர்ந்தது ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவில். படித்ததெல்லாம் எண்ணங்களைப் பற்றி. வந்தவர்கள் சொன்னதெல்லாம் உடம்பைப் பற்றி. நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, கை கால் ஓய்ந்து போகிறது. பாதிப் பேர் இதயப் பிரிவைச் சுற்றிவிட்டு இசிஜி தாளோடு வந்து நிற்பார்கள். "அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு?" என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி கேட்டால், "மனசுல ஒண்ணும் ஓடல மேடம், நெஞ்சுதான் ஓடுச்சு" என்றார் ஓர் அம்மா. அதற்கு மேல் என்ன கேட்பது?

அந்தக் கேள்விதான் என்னை யூஜின் ஜென்ட்லினிடம் கொண்டு போனது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸோடு வேலை செய்தவர். சிகிச்சை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தவர். அவர் கண்டது இது: குணமானவர்கள் சரளமாகப் பேசியவர்கள் அல்ல. தயங்கி, நடுவில் நிறுத்தி, 'அது இல்ல... வேற மாதிரி' என்று உள்ளுக்குள் தடவிப் பார்த்துப் பேசியவர்கள். இது தெரிந்த பிறகு மௌனத்தைக் கண்டு நான் பதறுவதில்லை. அப்புறம் பீட்டர் லெவினின் சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பயிற்சி, அதாவது மன அதிர்ச்சியை உடல் உணர்வுகள் வழியாக அணுகும் முறை. அது மூன்றாண்டுப் படிப்பு. சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போனது.

பலரை ஒருவராகக் கலந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். பைக் விபத்தில் தப்பியவர். போலீஸ், இன்சூரன்ஸ், சொந்தக்காரர்கள் என்று அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது. என்னிடமும் சலனமில்லாமல் சொல்கிறார். ஆனால் லாரி திரும்பிய இடத்துக்கு வரும்போதெல்லாம் வலது பாதம் தரையை அழுத்துகிறது. பைக்கில் பின் பிரேக் இருக்கும் கால் அது. அவருக்கே அது தெரியாது. "கொஞ்சம் இருங்க, கால் என்ன செய்யுதுன்னு பாருங்க" என்கிறேன். குனிந்து பார்க்கிறார். "மெதுவா, எவ்வளவு அழுத்தணும்னு தோணுதோ அழுத்துங்க." தொடை நடுங்குகிறது, முகம் சிவக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு, உடம்பில் எந்த இடம் கொஞ்சம் பரவாயில்லை என்று கேட்கிறேன். நாற்காலியில் சாய்ந்திருக்கும் முதுகு என்கிறார். சற்று நேரம் முதுகில், பிறகு மறுபடி காலில். கஷ்டத்துக்கும் ஆறுதலுக்கும் இடையே இப்படிச் சின்னச் சின்ன அளவில் போய் வருவதுதான் இந்த முறையின் உயிர். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பாகத்தான் இருக்கும்.

"நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறார். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துதான் விரல் மரத்து, தலை சுற்றுகிறது. இன்னும் இழுக்கச் சொன்னால் அதெல்லாம் அதிகமாகும். இழுப்பதை விட்டுவிட்டு, வெளியே விடுவதை மட்டும் நீட்டினால் போதும், இதயத் துடிப்பு சற்று இறங்கும். கண்ணை மூடச் சொல்வதும் கிடையாது. அடி வாங்கி வளர்ந்தவர்களுக்குக் கண் திறந்திருப்பதுதான் பாதுகாப்பு.

இந்தத் துறையில் மிகைப்பேச்சும் நிறைய. உடல் இறுக்கத்தை உளச்சிகிச்சைக்குள் கொண்டுவந்த முன்னோடி வில்ஹெல்ம் ரைக், பிற்காலத்தில் பிரபஞ்ச சக்தியைப் பெட்டியில் பிடிக்கப் போய், 1957இல் அமெரிக்கச் சிறையில் இறந்தார். இன்று எதற்கெடுத்தாலும் வேகஸ் நரம்பு, மூளையிலிருந்து இதயம், வயிறு வரை போகும் நரம்பு, என்கிறார்கள். அதைச் சுற்றிக் கட்டிய ஸ்டீபன் போர்ஜஸின் கோட்பாட்டை உடலியங்கியல்காரர்கள் பலர் ஏற்பதில்லை. லெவினின் முறைக்கு 2017இல் இஸ்ரேலில் 63 பேரை வைத்து நடந்த ஆய்வு நல்ல பலன் காட்டியது. நல்லதுதான், ஆனால் சிறிய ஆய்வு. மன அதிர்ச்சிக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் முறைக்கு, இருக்கும் சான்று இதைவிடப் பல மடங்கு. அதனால் பழைய படிப்பை நான் தூக்கிப் போடவில்லை. உடம்பு அடங்கியதும் எண்ணங்களுக்கு வருகிறேன். அப்போது அந்த அம்மா போன்றவர்களும் பேசுகிறார்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். தைராய்டு, ரத்தசோகை, இதயம் மூன்றையும் டாக்டர் பார்த்து முடிக்காமல் படபடப்புக்கு வேலையைத் தொடங்குவதில்லை. அப்புறம், யாரையும் தொடுவதில்லை. பயிற்சியில் தொடுதலும் உண்டு, தெரியும். ஆனால் மூடிய அறைக்குள், என்னை நம்பி வந்தவர் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்.