உதைக்க ஆள் அனுப்பாத அந்த ஒரு முறை

1984 ஜனவரி 2. மயாமியின் ஆரஞ்சு பௌல் அரங்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, நெப்ராஸ்காவுக்கு எதிரே உள்ளூர் மயாமி அணி. ஆட்டம் முடிய இன்னும் 48 வினாடி. நெப்ராஸ்காவின் ஜெஃப் ஸ்மித் 24 யார்டு ஓடிப்போய் டச்டவுன் போட்டுவிட்டார், அதற்கு ஆறு புள்ளி. 31-17 என்று கிடந்த அணி 31-30க்கு வந்து நிற்கிறது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் ஒரு புள்ளி, ஆட்டம் சமன். மூன்று யார்டு கோட்டிலிருந்து ஒரே முயற்சியில் பந்தை எண்ட் ஸோனுக்குள், அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால், கொண்டுபோனால் இரண்டு புள்ளி, முன்னிலை. பயிற்சியாளர் டாம் ஆஸ்பார்ன் உதைப்பவரை அனுப்பவில்லை.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தலைமைப் பண்பு என்று பேச்சு எடுத்தாலே ரசிகர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. ‘மனுஷன் என்றால் இவர்தான்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு இப்போதெல்லாம் அது அவ்வளவு சுலபமாக வாயில் வரமாட்டேன் என்கிறது.

உதைத்துச் சமன் செய்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? ஒன்றும் இல்லை, லாபம்தான். அன்று காலைவரை நெப்ராஸ்கா 12-0, அதாவது பன்னிரண்டு வெற்றி, தோல்வியே இல்லை, தரவரிசையில் முதலிடம். அந்தக் காலத்தில் தேசியப் பட்டத்துக்கு என்று தனி இறுதி ஆட்டம் கிடையாது. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் போடும் ஓட்டில்தான் முடிவு. அன்றே இரண்டாம் இடத்து டெக்சஸ் 10-9 என்று ஜார்ஜியாவிடம் கவிழ்ந்திருந்தது. நான்காம் இடத்து இல்லினாயை யூசிஎல்ஏ 45-9 என்று துவைத்து எடுத்திருந்தது. சமன் ஆகியிருந்தால் பட்டம் ஏறக்குறைய நெப்ராஸ்காவின் பையில்.

இது ஆஸ்பார்னுக்குத் தெரியாமல் இல்லை. 1970-ல் யூஎஸ்சியோடு 21-21 என்று சமன் செய்துகொண்ட அதே நெப்ராஸ்காதான் அந்த ஆண்டின் ஏபி பட்டத்தை, அதாவது பத்திரிகையாளர் ஓட்டில் வரும் பட்டத்தை, வாங்கியது. அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவானிக்குக் கீழே வேலை பார்த்தவர் ஆஸ்பார்ன். சமனோடு பட்டம் வாங்கினால் எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவர் அவர்.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. 1966 நவம்பர், நோட்ர டாம் - மிச்சிகன் ஸ்டேட், 10-10. கடைசி 1 நிமிடம் 10 வினாடியில் பந்து நோட்ர டாமிடம், அதுவும் அவர்களுடைய 30 யார்டு கோட்டில். பயிற்சியாளர் ஆரா பார்ஸீகியன் தூக்கி எறிந்து முயலச் சொல்லாமல், பந்தைக் கையில் ஏந்தி ஓடவிட்டே நேரத்தைக் கழித்தார். சமன். பட்டமும் கிடைத்தது, காலமெல்லாம் வசையும் கிடைத்தது. அவருடைய முதல் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், தோளில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். மாற்றாக ஆடிய கோலி ஓ’பிரையன் நீரிழிவுக்காரர், அதற்குள் களைத்திருந்தார். அந்த நிலையில் எறிந்து, எதிரி கையில் பந்து சிக்கினால் ஒரே ஃபீல்டு கோலில், அதாவது மூன்று புள்ளி தரும் ஒரு உதையில், கதை முடிந்துவிடும். வேலைக் கணக்கில் பார்ஸீகியன் செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் ஆஸ்பார்ன் செய்தது தவறா என்று கேட்டால் சட்டென்று பதில் வரவில்லை.

நெப்ராஸ்காவின் அந்த இரண்டு புள்ளி நகர்வுக்கு வருவோம். குவார்ட்டர்பேக் டர்னர் கில் பந்தை வாங்கி வலப்பக்கம் உருண்டு ஓடுகிறார். நெப்ராஸ்கா ஆப்ஷன் ஆடும் அணி. குவார்ட்டர்பேக் ஓடத் தொடங்கினால் தானே ஓடுவாரா, பக்கத்தில் வருபவருக்குத் தட்டிவிடுவாரா என்று எதிரணி திணற வேண்டும். ஆனால் மூன்று யார்டு கோட்டில் அந்தத் திணறலுக்கு இடம் குறைவு. பின்னால் காக்க வேண்டிய நிலம் எண்ட் ஸோனின் பத்து யார்டு மட்டும் என்பதால் தற்காப்பு வீரர்கள் எல்லோரும் முன்னே நெருங்கி நிற்பார்கள். ஒரு பக்கமாக உருண்டால் மைதானத்தில் பாதியை நாமே அழித்துவிடுகிறோம். அவர்கள் மிச்சப் பாதியைக் காத்தால் போதும். கில் எறிந்தது ஸ்மித்துக்கு. எறிந்தவரும் ஓட்டத்தில், வாங்குபவரும் ஓட்டத்தில். இவ்வளவு குட்டையான எறியில் பந்து மேலே ஏறி இறங்க நேரமில்லை, தட்டையாகத்தான் வரும். குறுக்கே ஒரு கை நீண்டால் போதும். மயாமியின் கென்னி கால்ஹூன் கை நீட்டினார், விரல் நுனி பட்டது, பந்து ஸ்மித்தின் மேல் மோதிக் கீழே விழுந்தது. அடுத்து பந்தைத் தாமே மீட்டுக்கொள்ள நெப்ராஸ்கா அடித்த குட்டை உதையையும் மயாமியே பிடித்துக்கொண்டது. 31-30.

ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மூன்று யார்டை முட்டி மோதி வாங்கித் தரக்கூடிய மைக் ரோஸியர், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை அந்த ஆண்டு வாங்கியவர், 147 யார்டு ஓடிய பிறகு மூன்றாம் கால் பகுதியிலேயே கணுக்காலில் அடிபட்டு வெளியேறிவிட்டார். ஸ்மித் அவருக்குப் பதிலாக வந்தவர்தான். ஆஸ்பார்ன் பயந்த ஆளும் இல்லை. அதே ஆட்டத்தில்தான் பந்தை வேண்டுமென்றே தரையில் விட்டு, முன்வரிசைத் தடுப்பு வீரர் டீன் ஸ்டைன்கூலர் அதைப் பொறுக்கிக்கொண்டு 19 யார்டு ஓடி டச்டவுன் போடும் வித்தையை அவர் ஆட வைத்தார்.

இவ்வளவும் சொல்லியும் எனக்கு உறுத்துவது கடைசி நகர்வு இல்லை. அதற்கு முந்தைய டச்டவுனுக்குப் பிறகு அடித்த உதை.

நான்காம் கால் பகுதியில் ஸ்மித் போட்ட முதல் டச்டவுனில் 31-23. நெப்ராஸ்கா ஒரு புள்ளிக்கு உதைத்து 31-24 ஆக்கிக்கொண்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. வழக்கம் அதுதானே! ஆனால் சமன் வேண்டாம், வெற்றிதான் வேண்டும் என்று முடிவெடுத்திருந்தால் இரண்டு புள்ளிக்கு முயல வேண்டிய நேரம் அதுதான். இரண்டு புள்ளி முயற்சி பலிக்கும் வாய்ப்பு 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், உதை தவறாது என்றும் வைத்துக்கொள்வோம். ஆஸ்பார்ன் போன வழியில் வெற்றி 45, தோல்வி 55. முதல் டச்டவுனிலேயே முயன்றிருந்தால்? பலித்தால் 31-25, அடுத்த டச்டவுனும் ஒரு உதையும் சேர்ந்து 32-31, வெற்றி. பலிக்காவிட்டால் 31-23, அடுத்த டச்டவுனில் 31-29, அங்கே இன்னொரு முயற்சி, பலித்தால் சமன். வெற்றி வாய்ப்பு அதே 45 தான். ஆனால் தோல்வி 30க்கு இறங்கிவிடுகிறது. மிச்சம் 25 சமன், அதாவது பட்டம். ஒரு துளி துணிச்சலையும் விட்டுக்கொடுக்காமல் தோல்வியில் கிட்டத்தட்டப் பாதியைக் குறைத்திருக்கலாம்.

இன்றைக்கு 14 புள்ளி பின்தங்கிய அணிகள் முதல் டச்டவுனிலேயே இரண்டுக்குப் போவதைப் பார்த்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். காரணம் இந்தக் கணக்குதான். 1984-ல் பயிற்சியாளர்கள் யாரும் இப்படி யோசிக்கவில்லை, ஆஸ்பார்னை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. பிறகு அவர் கல்வி உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது நினைவுக்கு வரும். எண் தெரியாத ஆள் இல்லை. ஆனால் அந்த வழியில் போய் முதல் முயற்சி தவறியிருந்தால், கடைசியில் இரண்டு புள்ளிக்குப் போனது வெறும் சமனுக்காக என்று ஆகியிருக்கும். வீரக்கதை பிறந்திருக்காது. நாம் தலைமைப் பண்பு என்று கொண்டாடுவது முடிவையா, அது எடுக்கப்பட்ட இடத்தின் வெளிச்சத்தையா? சந்தேகமாக இருக்கிறது.

பதினோரு ஆண்டு கழித்து, 1995 ஜனவரி 1 அன்று, அதே அரங்கம், அதே மயாமி. நெப்ராஸ்கா 17-15 என்று பின்தங்கியிருந்தபோது டாமி ஃப்ரேஸியர் எரிக் ஆல்ஃபர்டுக்கு எறிந்த இரண்டு புள்ளிப் பந்து கையில் நின்றது. 17-17. பிறகு 24-17, ஆஸ்பார்னுக்கு முதல் தேசியப் பட்டம். பழைய கணக்கு தீர்ந்தது என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். அந்த இடத்தில் எந்தப் பயிற்சியாளரும் இரண்டுக்குத்தான் போவார். அதில் வீரம் ஒன்றும் இல்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் வருகிறது.

மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 206 யார்டு ஓடிய மறுநாள் விடியுமுன், நெப்ராஸ்காவின் முதன்மை ஓட்டக்காரர் லாரன்ஸ் பிலிப்ஸ் முன்னாள் தோழியைத் தாக்கிப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போனார். கைதானார். ஆஸ்பார்ன் அவரை நிறுத்திவைத்தார். ஆறு ஆட்டங்களுக்குப் பிறகு, நவம்பர் 4 அன்று, திரும்பச் சேர்த்துக்கொண்டார். வெளியே தள்ளினால் பையன் இன்னும் கெட்டுப்போவான், கால்பந்துதான் அவன் வாழ்க்கையில் இருக்கும் ஒரே ஒழுங்கு என்பது அவர் சொன்ன காரணம்.

அவர் சொன்னதை நான் நம்புகிறேன். பிலிப்ஸ் இல்லாத ஆறு ஆட்டத்தையும் நெப்ராஸ்கா வென்றது. அரிசோனா ஸ்டேட்டுக்கு எதிராக 77, கொலராடோவுக்கு எதிராக 44. முதலாண்டு மாணவர் ஆமன் கிரீன் அந்த சீசனில் ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார். ஆகவே வெற்றிக்காகக் கூப்பிட்டார் என்பது நிற்காது. வெற்றிக்காக இல்லை என்றால், அணியோடு பயிற்சியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தில் உட்கார வைத்திருக்கலாமே என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. ஒழுங்கு வேண்டும் என்றால் அது பயிற்சியிலும் கிடைக்கும்.

1984-ல் அவர் பணயம் வைத்தது தன் பட்டத்தையும் தன் வீரர்களின் பட்டத்தையும். தோற்றால் அடி அவர்களுக்கு. 1995-ல் பணயம் வைத்தது யாருடையது? அந்தப் பெண்ணும் அதே பல்கலைக்கழக மாணவி. அவரும் அதே வளாகத்தில்தான் நடமாட வேண்டும். இரண்டு முடிவிலும் ஊர் என்ன சொன்னாலும் சரி என்று நின்ற அதே பிடிவாதம்தான். முதலாவதைப் புகழ்ந்துவிட்டு இரண்டாவதை மட்டும் வேறு பெட்டியில் போட என்னால் முடியவில்லை. பின்னாளில் பிலிப்ஸ் கலிஃபோர்னியச் சிறையில் 2016-ல் இறந்ததை வைத்து ஆஸ்பார்ன் சொன்னது பொய்த்தது என்றும் சொல்கிறார்கள், கால்பந்து போனதும் எல்லாம் போய்விடும் என்று அவர் எச்சரித்தது பலித்தது என்றும் சொல்கிறார்கள்.

1996 ஜனவரி 2, ஃபியஸ்டா பௌல். நெப்ராஸ்கா 62, ஃபுளோரிடா 24. பிலிப்ஸ் ஓடியது 165 யார்டு. 38 புள்ளி வித்தியாசம். அவர் இல்லாமலும் வென்றிருப்பார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அன்று முதல் நகர்வுக்கு களம் இறங்கிய ஓட்டக்காரர் பிலிப்ஸ். ஆமன் கிரீன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.