மரக் கடைசல் லேத்தில் நான்கு ஜா சக்: மரை பார்ப்பதில் தொடங்கி முதல் கிண்ணம் வரை

லேத் 12 அங்குல ஸ்விங் (சுற்றக்கூடிய அதிகபட்சக் கட்டை விட்டம்) உள்ள மிடி வகை, அதாவது நடுத்தர அளவு. ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) மரை 1 அங்குலம், 8 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 8 பிரி). உள்ளே 2-ஆம் எண் மோர்ஸ் டேப்பர் (கூம்புத் துளை). இதுவரை முள் சென்டருக்கும் (ஸ்பிண்டிலில் செருகிய முள் முனை) டெயில்ஸ்டாக்குக்கும் (மறுமுனைத் தாங்கி) நடுவில் கட்டையை வைத்து பூரிக்கட்டை, மத்து, கட்டில் கால் என்று ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணம் குடைய ஒரு முனை காலியாக இருக்க வேண்டும். ஆகவே சக், அதாவது கட்டையை ஒரு முனையில் மட்டும் ஜா எனும் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் கருவி.

பழைய இரும்புச் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் மூன்று ஜா இன்ஜினியரிங் சக்கை மாட்டினால் போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். மாட்டலாம், சுற்றவும் சுற்றும். ஆனால் அதன் ஜா குறுகலானது, இரும்பைப் பிடிக்கச் செய்தது. மரத்தில் மூன்று கோடாக அமுங்குமே தவிர, சுற்றிலும் அணைத்துப் பிடிக்காது. இறுக்க இறுக்க மரம் நசுங்கி, உளி கொஞ்சம் மாட்டினாலும் கட்டை நழுவும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜா முனை விரல் முட்டியைப் பதம் பார்க்கும். மர வேலைக்கான ஸ்க்ரோல் சக்கில் (சுருள் காடித் தட்டு ஒன்று ஜாக்களைச் சேர்த்து நகர்த்தும் வகை) நான்கு ஜாவும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம் வரும். பிடி முழுக்க அந்த வட்டத்தில்தான் இருக்கிறது.

எந்தக் கம்பெனி சக் என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது மரை. வெர்னியரில் ஸ்பிண்டிலின் வெளி விட்டத்தை அளந்து, மரை முகடுகளின் மேல் ஸ்கேலை வைத்து எண்ண வேண்டும். 25 மி.மீ.க்குச் சற்று மேலே வந்து, ஓர் அங்குலத்தில் 8 பிரி இருந்தால் அது 1 அங்குலம் 8 டி.பி.ஐ. ஐரோப்பிய வகை லேத்துகளில் எம்33 × 3.5 அதிகம்: விட்டம் 33 மி.மீ.யை ஒட்டி, 10 பிரிக்கு 35 மி.மீ. பெரிய அமெரிக்க லேத்துகளில் 1¼ அங்குலம் 8 டி.பி.ஐ., அதாவது 31.75 மி.மீ. பின்னே சொன்ன இரண்டுக்கும் விட்டத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். எம்33 சக் 1¼ அங்குல ஸ்பிண்டிலில் ஓரிரு பிரி ஏறியதும் ஏதோ பொருந்துவதுபோல் இருக்கும். பிட்ச் (பிரிகளின் இடைவெளி) வேறு என்பதால் அதற்குமேல் பலம் போட்டால் மரைதான் கெடும்.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. ஸ்பிண்டிலில் மரை முடிந்து தோள் (சக் முட்டி நிற்கும் தட்டையான முகம்) வரும் இடத்தில் மரையில்லாத வழவழப்பான பகுதி ஒன்று இருக்கும். அதன் நீளத்தை அளந்து வையுங்கள். சக்கின் பின்வாயில் அதே ஆழத்துக்கு மரையில்லாத குடைவு இல்லையென்றால், சக் மரையிலேயே நின்றுவிடும், தோளில் போய் உட்காராது. தோளில் உட்காராத சக் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அவுட் அடிக்கும் (மையம் விலகி ஆடும்). லேத் பட்டறையில் கொடுத்தால் பின்வாயைக் குடைந்து தருவார்கள், சின்ன வேலைதான்.

சக்கின் உடம்பிலேயே மரை வெட்டியது ஒரு வகை, இன்சர்ட் (மரை உள்ள தனித்துண்டு) போட்டு மாற்றிக்கொள்வது இன்னொரு வகை. நாளைக்குப் பெரிய லேத் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்சர்ட் லாபம், அதை மட்டும் மாற்றினால் போதும். நேரடி மரை சக் ஸ்பிண்டிலை ஒட்டி உட்காரும், ஆட்டத்துக்கு வாய்ப்பும் ஓர் இணைப்பு அளவு குறைவு. மரை பொருந்தாத சக்கை வாங்கி அடாப்டர் போட்டு ஓட்டுவது கடைசி வழி. கட்டை பேரிங்கை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு அதிர்வு.

அளவு 100 மி.மீ. உடம்பு. நியூசிலாந்தின் நோவா, ஆஸ்திரேலியாவின் விக்மார்க், கனடாவின் ஒன்வே, இங்கிலாந்தின் ரெக்கார்ட் பவர் எல்லாமே இந்த அளவை ஒட்டிச் சக் செய்கின்றன. மிடி லேத்துக்கு இதற்கு மேல் கனமான சக் தேவையில்லை, சின்ன பேரிங்குக்கு வீண் சுமை. ஜா 50 மி.மீ. செட் ஒன்று போதும். மற்ற ஜாக்களை வேலை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம். சக்கோடு வரும் மர ஸ்க்ரூவைப் பெட்டியிலேயே போட்டுவிடாதீர்கள். கிண்ணத்தின் வெளிப்புறம் கடைய அதுதான் வேகமான பிடி.

மாட்டும் வேலைக்கு வருவோம். முதலில் முள் சென்டரைத் தட்டி எடுத்துவிட வேண்டும். ஸ்பிண்டில் மரை, சக்கின் உள்மரை, இரண்டின் தோள் முகம் எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கவும். தோளில் ஒரு சின்னச் சீவல் சிக்கினாலே போதும், கட்டையின் விளிம்பில் ஆட்டம் பல மடங்காகத் தெரியும். பிசிறு விரலில் தட்டுப்பட்டால் நைசான அரத்தால் ஒரு இழுப்பு. சக்கைக் கையால் சுற்றி ஏற்றி, கடைசிக் கால் சுற்றைச் சட்டென்று திருகினால் 'டக்' என்று உட்காரும். மரையில் எண்ணெய் கொட்ட வேண்டாம், தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சக் இறுகிப்போய்க் கழற்ற வராமல் இருக்க, ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டிய மெல்லிய வாஷர் ஒன்றை இரு தோளுக்கும் நடுவில் போடலாம். மூடி எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. லேத்தை எதிர்ச்சுற்றில் ஓட்டுவதாக இருந்தால் சக்கின் பின்புறமுள்ள கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத பூட்டுத் திருகு) இறுக்காமல் ஓட்டக் கூடாது. சக் கழன்று வந்துவிடும்.

ஜா ஸ்லைடுகளில் (மேல் ஜாவைத் தாங்கி நகரும் அடித்துண்டுகள்) 1 முதல் 4 வரை எண் இருக்கும், உடம்பின் காடிகளிலும் அதே எண். ஸ்க்ரோலின் நுனி 1-ஆம் காடியை எட்டும்போது முதல் ஸ்லைடு, அடுத்த காடிக்கு வரும்போது இரண்டாவது என்று வரிசையாக நுழைக்க வேண்டும். முழுக்க மூடிப் பார்த்தால் நான்கும் நடுவில் ஒன்றுகூட வேண்டும். ஒன்று பின்தங்கினால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்துதான். மேல் ஜாவின் ஆலன் ஸ்க்ரூக்களை முதலில் லூசாக விட்டு, சக்கை மூடி ஜாக்கள் ஒன்றோடொன்று ஒட்டியபின் இறுக்கினால் வரிசை கோணாது.

இனி மரத்தின் பக்கம். ஜாவுக்கு நடுவில் 2, 3 மி.மீ. இடைவெளி விட்டுத் திறந்து உள்விட்டத்தை அளந்தால் அதுதான் அந்த ஜாவின் முழு வட்டம். கிண்ணத்தின் அடியில் விடும் டெனன் (ஜா கவ்விப் பிடிக்கும் வட்டமான குமிழ்) அந்த அளவை ஒட்டியே இருக்கட்டும். டெனன் பெரிதானால் ஒவ்வொரு ஜாவும் இரு மூலையில் மட்டும் கடிக்கும், சிறிதானால் நடுவில் மட்டும் தொடும். பிளைவுட் துண்டில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டு லேத் பக்கத்தில் மாட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் வெர்னியரைத் தேட வேண்டாம். உயரம் 6 முதல் 8 மி.மீ. டெனனின் தலை சக்கின் அடியில் முட்டவே கூடாது. டெனனைச் சுற்றியுள்ள மரத்தோள்தான் ஜாவின் முகத்தில் அழுந்தி உட்கார வேண்டும். கட்டை ஆடாமல் இருப்பது இந்தத் தோளால்தான், இறுக்கும் பலத்தால் மட்டுமல்ல. மூலையில் வளைவு இல்லாமல் ஸ்க்யூ (சாய்முனை உளி) முனையால் கூராக வெட்டுங்கள். ஜா டவ்டெயில் (உட்பக்கம் சாய்வாக வெட்டிய) வகையானால் அதே சாய்வு டெனனுக்கும் வேண்டும். சாய்வு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், ஜாவின் மேலேயே பெவல் (சாய்வு அளக்கும் கருவி) வைத்து எடுத்துக்கொள்வது நல்லது.

முதல் கிண்ணம் 8 அங்குல மாமரம். விட்டத்தை அங்குலத்தில் வேகத்தோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும் என்ற பழைய கணக்கின்படி 750 முதல் 1125 ஆர்.பி.எம். கட்டை சமநிலைக்கு வரும்வரை 500-ஐத் தாண்டவில்லை, டெயில்ஸ்டாக்கும் முட்டுக்கொடுத்தபடி இருந்தது. சக்கில் சாவித்துளை இரண்டு, இரண்டிலும் இறுக்க வேண்டும். சில நிமிடம் கடைந்தபின் நிறுத்தித் திருகினால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது, நார் அமுங்குவதுதான் காரணம். சாவியை சக்கிலேயே விட்டு சுவிட்சைப் போட்டால் அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே சாவிக்கு இடம் கை அல்லது ஆணி, மூன்றாவது இடம் கிடையாது.

இடையில் கட்டையைக் கழற்றி மறுபடி மாட்டினால் அதே மையத்துக்கு அச்சாக வராது, ஜா தடம் மரத்தில் பதிந்துவிடுகிறது. 1-ஆம் எண் ஜாவுக்கு நேரே பென்சிலில் கோடு போட்டு அதே இடத்தில் மாட்டினால் பெருமளவு சரியாகிறது. பச்சை மரமானால் காய்ந்தபின் டெனன் முட்டை வடிவமாகிவிடும், திரும்பக் கடைந்தே மாட்ட வேண்டும். டெனன் உடைந்து கிண்ணம் கழன்று வந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். படுக்கை நாரில் (நார் அச்சுக்குக் குறுக்காக ஓடும் கட்டையில்) டெனன் பெரும்பாலும் நார் வழியே பிளந்திருக்கும். டெனன் விட்டம் கிண்ண விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் இது அடிக்கடி நடக்கும்.

சக்கைக் கழற்ற ஸ்பிண்டில் லாக்கைப் போடுங்கள். பாகைப் பிரிப்புக்கு உள்ள இண்டெக்ஸ் பின்னை இதற்குப் பயன்படுத்தினால் பின் வளையும், துளையும் கெடும். வராவிட்டால் ஜாவில் நீளமான ரீப்பர் துண்டைக் குறுக்காகப் பிடித்து, அதைக் கையால் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

கிண்ணத்தின் அடியில் டெனனை நீக்கி முடிக்கும் வேலை பாக்கி. கோல் ஜா (கிண்ணத்தின் விளிம்பைப் பிடிக்கும் பெரிய ஜா) வாங்காமல், வீணான மரத்துண்டை சக்கில் பிடித்து அரைவட்டமாகக் கடைந்து, மேலே பழைய சைக்கிள் டியூப் துண்டு போர்த்தி, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து டெயில்ஸ்டாக்கால் அழுத்திப் பிடிப்பதாக ஏற்பாடு. நடுவில் மிஞ்சும் சின்னக் குமிழை உளியால் சீவி எடுத்துவிடலாம்.