கானாவிலிருந்து ராப்புக்கு: தாளம் மாறும் இடம் ஒரு வழியாகப் பிடிபட்டது

வியாசர்பாடியில் எங்கள் கேரம் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்குப் புதுப் பாட்டுகளின் தொகுப்பு ஒன்றைப் போடுவேன். இந்த முறை அது "பாட்டை மாத்துப்பா" என்ற குரல் எங்கிருந்தும் வராமல் கடைசிவரை ஓடியது. கானாவில் தொடங்கி, ராப்புக்குள் போய், கிட்டார் வைத்த ஒரு அமைதியான இண்டி பாட்டில் (சினிமா சாராத தனிப் பாட்டில்) முடிந்தது. அதில் ஒரே ஒரு இடம்தான் இத்தனை காலமாக என்னைப் படுத்தி எடுத்தது. அதைச் சரிசெய்த விதத்தை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கிளப்பில் இரண்டு கூட்டம் உண்டு. அண்ணன்மார்களுக்குக் கானா, அதை விட்டால் பழைய சினிமாப் பாட்டு. பசங்களுக்கு ராப். வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிதோறும் புதுப் பாட்டுகளின் இணைப்பைப் போடுகிறேன். (2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது வெளியீடுகளுக்கு வெள்ளிக்கிழமை என்று ஆகிவிட்டது. அதனால் எனக்கு வெள்ளி தேடும் நாள், சனி அடுக்கும் நாள், ஞாயிறு போடும் நாள்.) ஆனால் அவரவருக்குத் தெரிந்த பெயரை மட்டும்தான் திறந்து கேட்கிறார்கள், தெரியாத பெயரை யாரும் தொடுவதில்லை. முகம் தெரியாத ஒருவரின் பாட்டைக் கேட்க வைக்க, அதைத் தெரிந்த பாட்டுக்கு ஒட்டி நிறுத்த வேண்டும். அந்த ஒட்டு தெரியக் கூடாது. என் வேலை மொத்தமும் அந்த ஒட்டில்தான் இருக்கிறது.

முதலில் பாட்டு பிடிக்கிற விஷயம். ஆப் தானாகக் கொடுக்கும் பட்டியலை நான் அதிகம் நம்புவதில்லை. ஏற்கெனவே கேட்டதைச் சுற்றியே அது வருகிறது. எனக்குப் பலன் தந்த வழி, பாடியவரை விட்டுவிட்டு இசையமைத்தவரின் பின்னால் போவது. ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019-ல் கொடுத்த 'தெருக்குரல்' தொகுப்பை எல்லோரும் அறிவுக்காகக் கேட்டார்கள். அதில் பீட் செய்த ஆஃப்ரோவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பால் டப்பா என்ற ராப் பாடகர் கிடைப்பார், இரண்டு பேரும் சேர்ந்து பாட்டுகள் செய்திருக்கிறார்கள். அதேபோல, பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-ல் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிலிருந்து டென்மாவின் பெயரைப் பிடித்தால் 'குரங்கன்' என்ற இசைக்குழு வரும். அங்கிருந்து அதன் பாடகர் கபேர் வாசுகி. ராப் தவிர எதையும் கேட்காத என் தம்பி ஒருவன் இந்த வழியாகத்தான் கபேர் வாசுகியிடம் போய்ச் சேர்ந்தான். நான் நேராக அவர் பெயரைச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டான்.

யூடியூபில் 'டாபிக்' என்று முடியும் தானியங்கிச் சேனல்கள் இருக்கின்றன அல்லவா, அந்தப் பாட்டுகளுக்குக் கீழே உள்ள விவரப் பகுதியைப் பெரும்பாலானோர் திறப்பதே இல்லை. எந்த நிறுவனம் வழியாகப் பாட்டு வந்தது, வெளியான தேதி என்ன, யார் எழுதியது, யார் இசை என்று பல பாட்டுகளுக்கு அங்கே வரிசையாக இருக்கும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரிப் பெயர் இருந்தால் அநேகமாகப் பாடகரே சொந்தக் காசில் ஏற்றிய பாட்டு. நான் அங்கேதான் அதிக நேரம் செலவழிக்கிறேன். பாடகர்களிடமிருந்தே பாட்டை வாங்கும் தளமான பேண்ட்கேம்பில் ஊர்ப் பெயரை வைத்தே தேடலாம். சென்னை என்ற குறிச்சொல்லைத் தட்டி, வந்த வரிசையைப் பழசு வரைக்கும் உருட்டிப் பாருங்கள், ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விடும்.

சரி, அந்த ஒட்டுக்கு வருகிறேன்.

நான் பயன்படுத்துவது பாட்டுகளைக் கலந்து ஓட்டும் மிக்ஸ் என்ற இலவச மென்பொருள், பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் வரும். கானா பெரும்பாலும் ஒரு தட்டுக்கு மூன்றாக நடக்கிறது: தகிட தகிட. ராப் பீட் பெரும்பாலும் ஒரு தட்டுக்கு நாலு: தகதிமி. இரண்டையும் ஒரே வேகத்தில் வைத்துத் தாண்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வேகத்திலேயே முதல் முடிச்சு இருக்கிறது. நான் எடுத்த கானாவுக்கு மென்பொருள் நிமிடத்துக்கு 142.5 தட்டு என்று காட்டியது. கையால் தட்டிப் பார்த்தால் 95. மூன்றாக நடக்கிற பாட்டில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். இரண்டு இரண்டாக எண்ணிக்கொண்டு ஒன்றரை மடங்கு கூட்டிச் சொல்லிவிடும். பாட்டின் மேல் வலது சொடுக்கு போட்டால் வேகத்தைப் பாதியாக்கு, இரட்டிப்பாக்கு என்பவற்றோடு மூன்றில் இரண்டு என்றும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை அமுக்கியதும் 95-க்கு வந்தது. பிறகு முதல் தட்டு விழும் இடத்துக்கு, தட்டுகளைக் காட்டும் திரைக் கோடுகளை நகர்த்தி வைத்தேன். கானாவில் இது கட்டாயம், பாடுகிறவர் தாளத்தோடு விளையாடுவதால் பாதிப் பாட்டுக்கு மேல் கோடு விலகிப் போகும்.

95-ல் ராப் கிடைப்பது கஷ்டமே இல்லை. பழைய நியூயார்க் பாணி பீட்டெல்லாம் 85-லிருந்து 95-க்குள் தாராளமாக இருக்கிறது. தட்டு பொருந்திவிட்டது, ஆனாலும் கேட்டால் அடிதடி. டிஜே வேலை சொல்லித் தருகிற எல்லோரும் "பேஸைக் குறை, இரண்டு பாட்டின் பேஸும் மோதுகிறது" என்கிறார்கள் (பேஸ் என்றால் கீழ்ச் சத்தம்). பேஸைச் சுத்தமாக அணைத்தும் எனக்கு அது தீரவில்லை. ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்டபோது தெரிந்தது, மோதல் மேலே நடக்கிறது. கானாவின் சட்டி என்ற தாள வாத்தியம் மூன்று மூன்றாகப் பேசுகிறது, ராப் பாட்டின் ஹை-ஹாட் (டிரம்ஸில் வரும் சிறு ஜால்ரா மாதிரிச் சத்தம்) நாலு நாலாகத் தெறிக்கிறது. இரண்டுமே கூர்மையான சத்தம், ஒரே உயரத்தில் நின்று சண்டை போடுகின்றன. காதில் குத்துவது அதுதான்.

அதனால் வழக்கத்தைத் திருப்பிப் போட்டேன். உள்ளே வருகிற பாட்டின் ஹை குமிழை (கூர்மையான மேல் சத்தத்துக்கானது) முழுதாக இறக்கிவிட்டேன், லோவையும் (பேஸுக்கானது) இறக்கிவிட்டேன். நடுப்பகுதி மட்டும், அதாவது குரல் மட்டும், சட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது. இங்கேதான் பாலப் பாட்டு என்று நான் சொல்கிற ஒன்று வேண்டும்: பீட் நாலாக ஓடினாலும் பாடுகிறவர் வாய் மூன்று மூன்றாகச் சொல்கிற பாட்டு. அமெரிக்காவில் மெம்பிஸின் திரீ சிக்ஸ் மாஃபியா ஆட்கள் 1990-களிலேயே இப்படிச் சொன்னார்கள். 2013-க்குப் பிறகு அட்லாண்டாவின் மிகோஸ் குழு வழியாக அது உலகம் முழுக்கப் பரவியது. இன்று தமிழில் ராப் பண்ணுகிற பசங்களில் பாதிப் பேருக்கு அந்த நடை கைவந்திருக்கிறது. நமக்கு அது ஒன்றும் அந்நியமில்லை, தகிட சொல்லத் தெரிந்த வாய்தானே. சவுண்ட்க்ளவுடில் ஒரு பையன் சொந்தமாக ஏற்றிய பாட்டு எனக்குச் சரியாக அகப்பட்டது. வேகம் 93, இரண்டே இரண்டு ஏற்றினால் 95.

இனி வரிசை. கானாவில் பாட்டு நின்று வெறும் சட்டியும் டோலக்கும் ஓடுகிற இடத்தை நாலு தட்டுக்குச் சுற்ற விடுவது. அதன் மேல் பையனின் குரல் மட்டும் எட்டுத் தட்டுக்கு. குரலும் மூன்று, சட்டியும் மூன்று, சண்டையே இல்லை. ஒன்பதாவது தட்டில் கானாவின் லோவை இறக்கி ராப்பின் லோவை ஏற்றுவது. அடுத்த எட்டில் சட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது. சட்டி முழுதாகப் போன பிறகுதான் ஹை-ஹாட்டைத் திறக்க வேண்டும், ஒரு தட்டுகூட முன்னால் கூடாது. அப்போது கேட்கிறவர் காதில் மூன்று அப்படியே இருக்கிறது, குரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கீழே தரை மட்டும் நாலாக மாறிவிட்டது. அடுத்த பாட்டு முழுக்க நாலாக வந்தாலும் உறுத்தவில்லை.

வெறும் தாளம் ஓடுகிற இடத்தைப் பிடித்துச் சுற்றவிடும் இந்த வேலையிலிருந்துதான் ஹிப் ஹாப்பே கிளம்பியது. 1973 ஆகஸ்ட் 11-ல் பிராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தைத்தான் அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அதில் பாட்டுப் போட்டவர் கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, ஆட்டம் சூடு பிடிக்கிற தாளப் பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டுவது அவர் வித்தை. அந்த வேலையை இங்கே சட்டியை வைத்துச் செய்யும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஞாயிறன்று அந்த இடம் வந்தபோது கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரோடு உட்கார்ந்திருந்த மூத்த அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ராப் போட்டாலே ஸ்பீக்கரை அணைக்கச் சொல்கிறவர் அவர். பாட்டு பாதி போன பிறகு, "இன்னாடா தம்பி இது, யாரு இந்தப் பையன்?" என்றார். குழுவில் போட்டிருக்கிறேன், பாருங்கள் என்றேன். ராத்திரி அந்த இணைப்பைத் திறந்து கேட்டுவிட்டுக் கட்டைவிரல் போட்டிருந்தார்.

வேகத்தைப் பற்றி ஒன்று. சுருதி மாறாமல் வேகம் கூட்டும் பூட்டு இருக்கிறதே என்று கானாவை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். நாலு சதவீதத்தைத் தாண்டினால் சட்டியின் கூர்மை மழுங்கி, அடி இரண்டாகக் கேட்கிறது. ராப்பைத்தான் நகர்த்த வேண்டும், கானாவை அதன் இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

கேபிள் கதையையும் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியில் ஒரே ஒரு ஆடியோ துளைதான். அடுத்த பாட்டை ஹெட்போனில் முன்கூட்டியே கேட்க வேண்டுமென்றால், இடது பக்கத்தை ஸ்பீக்கருக்கும் வலது பக்கத்தை ஹெட்போனுக்கும் பிரித்துக் கொடுக்கிற கேபிள் தேவை. ரிச்சி தெருவில் ஒரு கடையில் இதை விளக்கமாகச் சொல்லிக் கேட்டும், இரண்டு ஹெட்போன் போடுகிற சாதாரணப் பிரிப்பானைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று அனுப்பினார்கள். ஒன்றே இல்லை. அதில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் வரும். கடைசியில் புளியந்தோப்பில் மேடைக்கு சவுண்ட் கட்டுகிற அண்ணன் ஒருவர் பழைய வயர்களை வெட்டி, பற்றவைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லையே இருக்காது, ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோவும் கிடைக்கும். தீபாவளிக்குள் பார்க்க வேண்டும்.

தொகுப்பை நான் எங்கேயும் ஏற்றுவதில்லை, கிளப்போடு சரி. ஆனால் பாட்டு ஓடி முடிந்ததும் ஒவ்வொன்றின் இணைப்பையும் குழுவில் போட்டு, முழுசாகக் கேளுங்கள் என்று கெஞ்சுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024-லிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குக் காசு. பெரிய ஆளுக்கு அது ஒரு நிமிஷம், எங்கள் பையனைப் போன்றவனுக்கு அது ஒரு வருஷம். குழுவில் இருக்கிற எல்லோரும் ஆளுக்குச் சில முறை கேட்டாலே அவன் அந்தக் கோட்டுக்கு நெருங்கிவிடுவான். காசு கொடுத்து வாங்க நினைக்கிறவர்களுக்கு பேண்ட்கேம்ப். சில வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவார்கள், அந்த நாளாகப் பார்த்து வாங்கலாம்.

அடுத்து பெண் குரல்கள் மட்டும் வைத்து ஒரு மணி நேரம் செய்ய ஆசை. தொடக்கம் நம்ம ராயபுரம் இசைவாணி. கானா என்றால் ஆண்கள் மேடை என்றிருந்த இடத்தில் நின்று பாடியவர், 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். முடிவு சுவிட்சர்லாந்தில் வளர்ந்த ஈழத்துப் பெண் ப்ரியா ராகு. அவருடைய 2021 தொகுப்பின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. கேட்டால் ஆர் அண்ட் பி, உள்ளே நம்ம ஊர்த் தாளம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் யார் யார் என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கிறேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் போகும்போது காதில் மாட்டி வரிசையை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் இப்போது வேலை. ரயில் சத்தத்தையும் மீறி ஒட்டு தெரிந்தால் அந்த இடம் சரியில்லை என்று அர்த்தம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாக்கி. ராப்பிலிருந்து கானாவுக்குத் திரும்பி வருவது இன்னும் அமையவில்லை. போகும்போது குரல் மூன்றைத் தூக்கிக்கொண்டு போனது. வரும்போது நாலு நாலாகச் சொல்கிற குரலுக்குக் கீழே சட்டி மூன்றாக நுழைந்தால் கேட்கிறவர் தடுக்கி விழுகிறார். குரலே இல்லாமல் வெறும் பேஸ் மட்டும் எட்டுத் தட்டு ஓடுகிற ராப் பாட்டின் முடிவுப் பகுதி ஒன்று கிடைத்தால், அங்கே டோலக்கை இறக்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கானா பக்கம், ஆர்கன் சேராமல் டோலக்கோடு தொடங்குகிற, 90-க்குப் பக்கத்தில் நடக்கிற பாட்டு வேண்டும். அப்படி ஏதாவது உங்களிடம் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், இந்த சனிக்கிழமையே போட்டுப் பார்க்கிறேன்.