கத்தரி கையில் இருக்கும் நேரம்

40 துணிப்பைகளுக்கு லைனிங் வெட்ட வேண்டியிருந்தது. துணியை எட்டு மடிப்பாக மேசையில் விரித்து, அட்டை அளவை வைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு இழுத்திருந்தேன். அது தையல் கோடு. அதற்கு வெளியே அரை அங்குலம் விட்டு வெட்டுக்கோடு போட வேண்டும். அந்த நேரத்தில் போன் அடித்தது. பழைய வாடிக்கையாளர். கைப்பிடியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று கேட்டார். ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்து கத்தரியை எடுத்தேன். உள்கோட்டிலேயே வெட்டினேன். மீதித் துணியையும் அதே அளவில் வெட்டி அடுக்கினேன். மாலையில் மேல்துணியோடு சேர்த்துப் பிடித்தபோதுதான் லைனிங் ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் குறைவது தெரிந்தது. நாற்பதும் வீண்.

அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. கேட்டது நியாயமான கேள்வி. எந்த நேரத்திலும் என்னைக் கூப்பிடலாம் என்று எல்லோரையும் ஆறு வருடமாகப் பழக்கி வைத்தவள் நான். ‘சொந்தத் தொழில்தானே, நேரம் உன் கையில்தானே’ என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். என் நேரம் என் கையில் இருக்கிறது என்றால், வேண்டியவர் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களும் புரிந்துகொண்டார்கள், நானும் அப்படியே புரிந்துகொண்டேன்.

அந்த இழப்புக்குப் பிறகு ஒரு வாரம் முழுக்க நோட்டில் எழுதி வைத்தேன். என்ன வேலை, எப்போது உட்கார்ந்தேன், எதற்காக எழுந்தேன். நேர நிர்வாகம் பற்றி யார் யாரோ சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறேன், எதுவும் ஒட்டவில்லை. இந்த நோட்டு ஒட்டியது, ஏனென்றால் அதில் இருந்தது என்னுடைய நாள். வார முடிவில் கூட்டிப் பார்த்தேன். மெஷினிலும் வெட்டு மேசையிலும் இருந்தது 29 மணி நேரம். பில் எழுதியது, நூலும் ஜிப்பும் வாங்கப் போனது, படம் எடுத்து அனுப்பியது, பார்சல் கட்டியது, வராத பணத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டது, ‘எப்போ கிடைக்கும்?’ என்ற கேள்விகளுக்குப் பதில் போட்டது எல்லாம் சேர்ந்து 23 மணி நேரம். இந்த 23 மணி நேரத்தை அதுவரை நான் வேலை என்றே எண்ணியதில்லை. வேலைக்கு நடுவில் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன்.

‘எதற்காக எழுந்தேன்’ என்ற பத்திதான் என்னை அதிகம் உலுக்கியது. ஒரே நாளில் 17 முறை. அதில் பாதி தொழிலுக்காக, பாதி வீட்டுக்காக. எழுந்து போய் வரும் இரண்டு நிமிடம் பெரிதல்ல. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் மனசு போன இடத்திலேயே நிற்கிறதே, அதுதான் பெரிது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, முந்தைய வேலையின் நினைப்பு கொஞ்சம் நம்மோடு கூடவே வந்துவிடுகிறது, அதனால் அடுத்த வேலையின் தரம் குறைகிறது என்கிறார். படித்தவுடன் என் வெட்டு மேசைதான் கண்முன் வந்தது. கைப்பிடியின் நீளத்தை மனசுக்குள் கணக்குப் போட்டபடியேதான் அன்று லைனிங்கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டு நினைப்பு இன்னும் நுட்பமானது. அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டைப் பற்றிய யோசனை வேலையை நான்காகப் பிரிக்கிறார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பார்த்த குடும்பங்களில் முடிவெடுப்பது மட்டும் ஓரளவு இருவருக்கும் பொதுவாக இருந்தது, முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்களிடமே இருந்தன. என் கணவர் எதைச் சொன்னாலும் செய்கிறவர். நான்தான் சொல்ல வேண்டும், செய்தாரா என்று நான்தான் பார்க்க வேண்டும். இது தொழிலில் ஒரு சூப்பர்வைசரின் வேலை. வீட்டில் இதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் சொன்ன கணக்கு இது: ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்கு உலக அளவில் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். பெண்களின் அந்தச் சராசரியை ஏழால் பெருக்கி, 29-உம் 23-உம் சேர்ந்த என் 52 மணி நேரத்தோடு கூட்டினேன். கிட்டத்தட்ட 83. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. அந்த 55-இல் வீட்டு வேலை சேர்த்தி இல்லை. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பிரச்சினை சுறுசுறுப்புக் குறைவு என்றே அதுவரை நினைத்திருந்தேன். இன்னும் வேகமாகத் தைத்தால், இன்னும் அரை மணி முன்னால் எழுந்தால் சரியாகிவிடும் என்று. நோட்டு வேறு ஒன்றைக் காட்டியது. ஒரு பைக்கு 50 நிமிடம் என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்லி வந்தேன். அது கத்தரியும் மெஷினும் ஓடும் நேரம் மட்டும். அந்த 23 மணி நேரத்தையும் பைகளின் மேல் பகிர்ந்து வைத்தால் ஒரு பைக்கு 90 நிமிடம் வருகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு பையிலும் 40 நிமிடத்தைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் கூடுதலாக ஆர்டர் எடுத்தேன். ஆர்டர் கூடக் கூட இரவு நீண்டது. விலைப் பட்டியலில் இருந்த ஓட்டையை என் தூக்கத்தை வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன்.

விலையை ஏற்றினேன். சொல்லும்போது குரல் நடுங்கியது, மறைக்க மாட்டேன். ‘வீட்டிலிருந்துதானே தைக்கிறீங்க, அதுக்கு இவ்வளவா?’ என்று ஒருவர் கேட்டார். வாடகை இல்லை என்பதால் என் உழைப்புக்கும் விலை இல்லை என்று ஆகிவிடாது என்று அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். வழக்கமான எட்டுப் பேரில் இருவர் போய்விட்டார்கள். அடுத்த இரண்டு மாதம் வயிற்றில் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. மூன்றாம் மாதக் கணக்கைப் பார்த்தபோது பைகள் குறைந்திருந்தன, கையில் நின்ற பணம் குறையவில்லை.

மிச்சமானதில் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் அவள் தைத்த கைப்பிடிகளை அவள் போன பிறகு பிரித்து மறுபடி தைப்பேன். ஒருநாள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். “அக்கா, எங்க தப்புன்னு சொன்னா நானே சரி பண்ணுவேன்ல?” என்றாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் விரலில்தான் இருந்தது, எங்கும் எழுதி வைக்கவில்லை. அன்றே ஓர் அட்டையில் எழுதினேன்: கைப்பிடியை உள்ளே எவ்வளவு மடிப்பது, பெட்டித் தையல் எத்தனை அங்குலம், குறுக்கே எத்தனை ஓட்டம். ஒரு மாதிரிக் கைப்பிடியையும் அதோடு சேர்த்துக் குத்தி மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டேன். அதன் பிறகு நான் எதையும் பிரிக்கவில்லை.

இப்போது காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை போன் அடுத்த அறையில் இருக்கும். வெட்டு வேலை முழுக்க அந்த மூன்று மணி நேரத்தில். பதில்கள் பகலில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. கணக்குக்கும் பாக்கி வசூலுக்கும் வாரத்தில் ஒரு பிற்பகல். வீட்டில் சில பொறுப்புகளை நினைப்போடு சேர்த்தே ஒப்படைத்துவிட்டேன். மகளின் பள்ளி சம்பந்தப்பட்டது எல்லாம் இனி கணவருடையது, நான் ஞாபகப்படுத்துவதில்லை. முதல் மாதம் இரண்டு விஷயங்கள் தவறின. வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் அந்த மாதத்தில் நான் செய்த கஷ்டமான வேலை. மகள் இப்போதெல்லாம் வாசலில் நின்று, “அம்மா, கத்தரி கையில இருக்கா? கேள்வி கேக்கலாமா?” என்கிறாள். இருக்கிறது என்றால் போய்விடுகிறாள்.

எல்லா நாளும் இப்படி ஓடுவதில்லை. போன வாரம் ஓர் அவசர ஆர்டரில் இரவு பதினொரு மணி வரை தைத்தேன். மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் கூடுதல். நோட்டில் 12 என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மறுநாள் பில் எழுதும்போது அந்தப் பன்னிரண்டையும் சேர்த்துத்தான் எழுதினேன்.