பத்து கிலோடால்டன் பட்டைக்கு மூன்று வாரம்

ஒருவழியாக வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் சோதனை) பட்டை விழுந்துவிட்டது. டென்ட்ரைட்டிக் செல்லில் (கிருமித் துண்டுகளை எம்எச்சி-2 புரதத்தில் ஏந்தி டி செல்லுக்குக் காட்டும் நோயெதிர்ப்புச் செல்) எம்எச்சி-2-க்குத் துணைபோகும் இன்வேரியன்ட் செயின் என்ற புரதம் உடைபடுவதைப் பாதியில் நிறுத்தினால் மிஞ்சும் லிப்10 துண்டுதான் அது. செல்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. கெடுத்ததெல்லாம் நாங்கள்.

எலி எலும்பு மஜ்ஜை, ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சித் தூண்டி, ஏழு நாள் வளர்ப்பு எல்லாம் வழக்கம்போல். புரதம் வெட்டும் என்சைம்களைத் தடுக்கும் லீபெப்டின் மட்டும் 100 மைக்ரோமோலாரில் போதவில்லை. 1 மில்லிமோலார், 4 மணி நேரம் தேவைப்பட்டது. அது சவ்வை நேராகக் கடக்காது, செல் விழுங்கும் திரவத்தோடு எண்டோசோம் என்ற உள் பைக்குள் போக வேண்டும். எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பொருள்) கொடுத்து முதிர்ந்த செல் அவ்வளவாக விழுங்காது. ஆகவே முதலில் லீபெப்டின், பிறகுதான் எல்பிஎஸ்.

முதல் வாரத்தைத் தின்றது ஆன்டிபாடி. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சப்ளையர் அனுப்பியது செயினின் லூமன் பக்க (பைக்குள் இருக்கும்) நுனியைப் பிடிப்பது. வெட்டு தொடங்குவதே அந்த நுனியில்தான்! லிப்10-இல் மிஞ்சுவது சைட்டோசால் வால் (பைக்கு வெளியே நீளும் நுனி), சவ்வுப் பகுதி, கிளிப் (எம்எச்சி-2-இன் பள்ளத்தை அடைக்கும் பகுதி). 31 கிலோடால்டனில் முழுச் செயின் மட்டும் பளிச்சென்று தெரிந்தது, கீழே வெறுமை. எலிச் செயினுக்கு, அந்த சைட்டோசால் வாலைப் பிடிக்கும் ஐஎன்-1 ஆன்டிபாடி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது 10% ஜெல், 0.45 மைக்ரான் மெம்பரேன். சின்னத் துண்டு ஜெல்லின் அடிவழியே ஓடிப்போகும், மெம்பரேனில் ஊடுருவிப் போகும். சின்னத் துண்டுக்கான டிரைசின் ஜெல்லும் 0.2 மைக்ரான் மெம்பரேனும் போட்டதும் தீர்ந்தது.

மூன்றாவதுதான் எரிச்சல். பிஎச் 7.4, ஐஸ், பிஎம்எஸ்எஃப் இருக்கிறதே என்று லைசேட்டை (செல்லை உடைத்த கரைசலை) அப்படியே வைத்துவிட்டோம். பிஎம்எஸ்எஃப் தடுப்பது முக்கியமாக செரின் புரோட்டியேஸ்களை. லிப்10-ஐ வெட்டும் என்சைமான கதெப்சின் எஸ்ஸோ சிஸ்டீன் வகை. அதிலும் தன் பங்காளிகளைப் போல நடுநிலை பிஎச்சில் சுருண்டுவிடாது. லீபெப்டின் ஒட்டிப் பிரியும் தடுப்பான் என்பதால் பஃபரில் நீர்த்ததும் என்சைம் விடுபட்டு, காப்பாற்றிய துண்டையே தின்றுவிடும். லைசிஸ் பஃபரில், ஒட்டினால் பிரியாத தடுப்பானான இ-64, 10 மைக்ரோமோலார் அன்றன்றைக்குச் சேருங்கள்.

மைக்ராஸ்கோப்பில் எம்எச்சி-2 உள்ளேயே தங்கி நின்றது. செயின் வாலில் இருக்கும், உள்ளே நிறுத்திவைக்கும் இரட்டை லூசின் அடையாளம் அறுபடாததால் வெளியே விடவில்லை. ஆனால் பைகள் உப்பியிருப்பதைக் கண்டதும் துள்ளாதீர்கள். லீபெப்டின் மற்ற கதெப்சின்களையும் அடைக்கிறது. செரிக்காத சரக்கு சேர்ந்தாலே லைசோசோம் வீங்கும். கதெப்சின் எஸ்ஸைக் குறிவைக்கும் தடுப்பானான எல்எச்விஎஸ் சில நானோமோலாரில் கொடுத்த செல்லையோ, கதெப்சின் எஸ் இல்லாத எலியின் செல்லையோ பக்கத்தில் வைத்துத்தான் பேச முடியும். லைசோசோமை அடையாளம் காட்டும் லேம்ப்1 சாயத்துக்கு, சவ்வில் துளை போடும் சப்போனின் 0.1%, கழுவும் பஃபரிலும் விடாமல் இருக்கட்டும், எடுத்துவிட்டால் சவ்வு மறுபடி மூடிக்கொள்கிறது. அதற்கும் ஒரு ஸ்லைடு செட் போயிற்று.